கடற்காற்றும் ஆறரை மணி கேட்டும்

ஜூன் மாதம் பிறந்தால் ஊர்ப்பக்கமிருந்து எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் என்று எங்கிருந்தாவது யாராவது கூப்பிட்டு, "பிள்ளைக்கு மெட்ராஸ்ல சீட் கெடச்சிருக்கும்மா" என்று ஆரம்பிப்பார்கள். எந்தத் துறை நல்ல துறை, என்ன பாடம் எடுக்கலாம் என்று கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்பது, எங்கே தங்குவது என்பதைத்தான். இந்த வருடம் என் அக்கா வீட்டிலிருந்தே அந்த ஃபோன் வந்தது. அவள் மகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு.

"சித்தி, ஹாஸ்டல்ல எடம் கெடைக்குமான்னு உறுதியா சொல்லமாட்டேங்குறாங்க. வெளிய பாத்து வெச்சுக்கச் சொல்றாங்க. நீங்க படிக்கறப்ப எங்க இருந்தீங்க?"

ஃபோனில் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல முதல்முறை இந்தக் கடற்கரைக்குப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவிட்டுத் தூங்காமல் இருக்கிற அம்மா அப்பாக்களுக்கும் பயன்படும்.

முதலில் இடம். நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் காமராஜர் சாலையில் தெற்கே நடந்தால் இடது கைப்பக்கம் மணலும் கடலும். வலது கைப்பக்கம் வரிசையாகப் படிக்கிற இடங்கள். முதலில் பல்கலைக்கழகம். 1857ல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தொடங்கியது. அதன் செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1870களில் எழுந்த கட்டடம். சேப்பாக்கம் அரண்மனையைக் கடந்தால் மாநிலக் கல்லூரி. அதுவும் சிஷோம் வரைந்ததுதான், 1870ல் திறந்தார்கள். இன்னும் தெற்கே போனால் விவேகானந்தர் இல்லம், தமிழ்த் துறைகள் இருக்கிற மெரினா வளாகம், அப்புறம் ராணி மேரி கல்லூரி. 1914ல் ஆரம்பித்த, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி அது.

இந்த வரிசையில் கட்டடங்களைவிட எனக்கு வியப்பு அந்த மணல்தான். நம் கிழக்குக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிச் சுவர் எழுப்பியபோது, வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டுத் தெற்குப் பக்கம் தேங்கியது. வருடா வருடம் தேங்கி விரிந்ததுதான் இன்றைய மெரினா. 1884ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரமாக நடைபாதை அமைத்து அந்தப் பெயரையும் வைத்தார். வடக்கே மணல் போய்ச் சேராததால் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அறுத்தது. அங்கே தெருக்களே போயிருக்கின்றன. மாநிலக் கல்லூரியைக் கட்டும்போது அலை இப்போதைவிட எவ்வளவோ நெருக்கத்தில் இருந்தது. நாம் உட்கார்ந்து படிக்கிற மணல், வடசென்னை மீனவர்கள் இழந்த மணல். இப்போது நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

தங்குவதற்கு வருவோம்.

பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கிடைக்காதவர்களுக்குப் பின்னாலேயே திருவல்லிக்கேணி இருக்கிறது. பையன்களுக்கு மேன்ஷன். ஹைரோட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் உள்ள சந்துகளில் எத்தனை மேன்ஷன்! நீளமான ஒரு வராந்தா, இரண்டு பக்கமும் கதவுகள், மாடிக்கு ஒரு பொதுக் குளியலறை. அறைக்கு இரண்டு கட்டில். மூன்றாவது ஆள் தரையில் பாய் விரித்துக்கொள்வான். பெண்களை வாசலைத் தாண்டி விடமாட்டார்கள் என்பதால் நான் உள்ளே போனதில்லை. வகுப்புத் தோழர்கள் சொல்லித்தான் இவ்வளவும் தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்று நோட்டு வாங்கியிருக்கிறேன், தேர்வுக்கு முதல்நாள் இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, சினிமாவில் உதவி இயக்குநர், குரூப் டூவுக்குப் படிக்கிறவர், துபாய் விசாவுக்குக் காத்திருப்பவர் என்று பல மாதிரி ஆட்கள் ஒரே மாடியில் இருப்பார்கள். எங்களோடு படித்த கள்ளக்குறிச்சிப் பையன் ஒருவனுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வு என்று ஒன்று இருப்பதையே அடுத்த அறைக்காரர்தான் சொன்னார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். மேன்ஷன் வாடகையில் இந்தப் பாடமும் சேர்த்தி.

சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா விடுதி இருக்கிறது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான அரசு விடுதி. சென்னைக் கல்லூரிகளில் படித்து வெளியே வந்த தலித் வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், அரசு ஊழியர்கள் பலரிடம் பேசிப் பாருங்கள், அந்த விடுதியின் பெயர் எங்காவது வரும். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கூரை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியை நான் பார்த்ததில்லை.

ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் கூரையும் சோறும் எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டும். எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். சென்னையில் நண்பர்கள் அறையில் ஒட்டிக்கொண்டு, திருவல்லிக்கேணியில் குடியிருந்து, 1912ல் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தார். மறு வருடம் இதே பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய அந்த 75 ரூபாயைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். வாடகைக்கும் அரிசிக்கும் கவலைப்படாமல் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து யோசிக்க அந்தத் தொகை போதுமானதாக இருந்தது. இன்றைக்கு முனைவர் பட்டம் செய்கிற பிள்ளைகளின் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகி, பகுதிநேர வேலைக்கு ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த 75 ரூபாய் ஞாபகம் வருகிறது.

பெண்களுக்கு மேன்ஷன் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது தனியார் மகளிர் விடுதி. பழைய வீடு ஒன்றை வாங்கி, கூடத்தைப் பிளைவுட் பலகையால் தடுத்து, ஜன்னல் இருக்கிற அறைக்கு ஒரு விலை, ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு விலை. நான் இருந்தது ஜன்னல் இல்லாதது. வாடகை பையன்கள் கொடுத்ததைவிட அதிகம். 'பாதுகாப்பு' என்பார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாப்பாட்டில் திருவல்லிக்கேணி யாரையும் கைவிடாது. இது என் உறுதியான கருத்து. மெஸ் என்றால் இங்கே வெறும் சாப்பாட்டுக் கடை இல்லை. மாதக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து பணம் வர இரண்டு நாள் தாமதமானால் பரிமாறுகிறவருக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். காசி விநாயகா மெஸ்ஸில் மதியம் டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் நிற்கும் கூட்டத்தில் பேராசிரியரும் இருப்பார், பெயில் ஆன பையனும் இருப்பான். ரத்னா கபேயில் இட்லி கேட்டால் சாம்பாரில் மூழ்கித்தான் வரும். 1948லிருந்து இருக்கிற கடை. சாம்பார் தீர்ந்தால் வாளியோடு வந்து மறுபடி ஊற்றுவார்கள். இரண்டு இட்லிக்குக் காசு வைத்திருக்கிற பிள்ளையின் வயிறும் நிறைந்துவிடும். ரம்ஜான் மாதத்தில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் நோன்புக் கஞ்சி வாசம் எழும். அந்தப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரில் இருக்கிற சூஃபிதார் அமைப்பின் சிந்தி இந்துத் தொண்டர்கள். எங்கள் விடுதியின் பக்கத்து வீட்டு பாய்அம்மா அந்த மாதம் முழுக்க ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி கொடுத்தனுப்புவார். "படிக்கிற புள்ளைங்க, சூடா குடிக்கட்டும்" என்பார். கூடவே ஒரு வடையும் இருக்கும். மார்கழியில் பார்த்தசாரதி கோயிலில் வெண்பொங்கல். ஒரே தெருவில் இரண்டும் கிடைக்கிற ஊரில் மூன்று வருடம் வளர்ந்தவள் நான். வெறுப்பைப் பேசுகிறவர்கள் பேசும்போது அந்தத் தூக்குச் சட்டி எனக்குப் பக்கபலமாக இருக்கிறது.

அடுத்தது புத்தகம். பைகிராப்ட்ஸ் ரோடு, இன்றைய பாரதி சாலை. நடைபாதையில் தார்ப்பாய் விரித்து அடுக்கியிருப்பார்கள். முன்பு சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் இருந்தது, 1985ல் எரிந்துபோனது. அந்தத் தலைமுறைக்கு அது, எங்களுக்கு இது. பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு அடியில் பழைய கலைக்கதிர் கட்டு இருக்கும், அதற்கு அடியில் யாரோ ஒரு தமிழாசிரியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சங்க இலக்கியப் பதிப்புகள், ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு. அவர் இறந்ததும் வீட்டில் எடைக்குப் போட்டிருப்பார்கள். அப்படி வந்த குறுந்தொகை ஒன்றைத்தான் நான் முதுகலையில் வைத்துப் படித்தேன். முகம் தெரியாத அந்த ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்த சந்தேகங்கள் வகுப்பில் நான் கேட்ட நல்ல கேள்விகளாயின. கடைக்காரர்களுக்கு எங்கள் பாடத்திட்டம் எங்களைவிட நன்றாகத் தெரியும். "மூணாவது செமஸ்டர்ல இலக்கணம் வருமே, யாப்பருங்கலம் வேணாமா?" என்று எடுத்துக் கொடுப்பார்கள். படித்து முடித்ததும் அவர்களிடமே பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நூலக அட்டைக்கு முன்பணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அந்த நடைபாதைதான் நூலகம்.

மாநிலக் கல்லூரி வாசலில் கடலைப் பார்த்து உ.வே.சாமிநாதையர் நிற்கிறார். 1903லிருந்து 1919 வரை அங்கே தமிழ் கற்பித்தவர். ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடி தேடி நமக்குச் சங்க இலக்கியத்தை மீட்டுக் கொடுத்தவர் குடியிருந்த திருவல்லிக்கேணி வீட்டை 2012ல் இடித்துவிட்டார்கள். பாரதி வாழ்ந்த வீடு அதே திருவல்லிக்கேணியில் நினைவில்லமாக நிற்கிறது, அதற்கு நன்றி. உ.வே.சா. வீடும் அப்படி நின்றிருக்க வேண்டும். தமிழ் படிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். பதிப்பாசிரியர் என்றால் என்ன, பத்துச் சுவடிகளை விரித்து வைத்து ஒப்பிட எவ்வளவு தரை வேண்டும் என்று அந்தத் திண்ணையிலேயே பாடம் நடத்தியிருக்கலாம். எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சாயங்காலம்.

சென்னை வெயிலில் படிப்பதென்றால் என்னவென்று ஏப்ரல், மே மாதத் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். காலையில் நிலம் சூடேறி, மேலே உள்ள காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சாதாரண நாட்களில் நண்பகலை ஒட்டியே வந்துவிடும். மேற்குக் காற்று பலமாக வீசும் மே கடைசி, ஜூன் நாட்களில் கடற்காற்றை அது தள்ளிப்போட்டுவிடும். அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். காற்று மூன்று மணிக்கு வருமா, நான்குக்கு வருமா என்று வகுப்பு முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்போம். கரையில் இருக்கிறவர்களுக்குத்தான் அது முதலில் கிடைக்கும். அந்தக் காற்று நின்று நிலைத்து வீசுகிற ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரைதான் இந்த ஊரில் படிக்க ஏற்ற நேரம். மேன்ஷன் பையன்கள் புத்தகத்தோடு மணலுக்கு வந்துவிடுவார்கள். காந்தி சிலை பக்கம் விளக்கு வெளிச்சத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பாடம் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். மார்க்ஸிலிருந்து இளையராஜா வரைக்கும் வாதம் நடக்கும். யாருக்கு எந்த வேலை, எந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்கு இடம், எந்தப் பத்திரிகைக்கு ஆள் தேவை, எல்லாம் அங்கேதான் கைமாறும்.

எங்கள் விடுதி கேட் ஆறரைக்குப் பூட்டப்படும்.

கடல் அங்கிருந்து நடக்கிற தூரம். மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால் அலைச் சத்தம் கேட்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் எங்களுக்கு இல்லை. ஆறரை தாண்டினால் வீட்டுக்கு ஃபோன் போகும். எங்கள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கக் கூசும். பையன்களுக்கு அடுத்த அறைக்காரர் நெட் தேர்வைப் பற்றிச் சொன்னது போல எங்களுக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதற்குக் காரணம் எங்கள் அறிவில் இல்லை, அந்தக் கேட்டில் இருந்தது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரே வகுப்பு, ஒரே மதிப்பெண், ஒரே தேர்வு. சாயங்காலத்தில் மூன்று மணி நேரம் அவனுக்கு உண்டு, அவளுக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள். அதற்கு 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்து, அதையும் எங்களிடமே கூடுதல் வாடகையாக வாங்கினார்கள்.

இந்தக் கரையில் பெண் பிள்ளைகள் தங்களுக்கான இடத்துக்காகப் போராடியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2003 ஏப்ரலில் ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தபோது, அந்த மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து இரவும் பகலும் உள்ளேயே உட்கார்ந்தார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பேப்பரில் அவர்கள் படத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு எதிரே பெண்கள் படிக்கிற கல்லூரி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. அரசு பின்வாங்கியது. கல்லூரி இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

அப்புறம் 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 17ஆம் தேதி சிலராகத் தொடங்கிய கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. ஜல்லிக்கட்டைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் பேசுவது அந்த இரவுகளைப் பற்றி. நான் அப்போது படிப்பை முடித்து வேலையில் இருந்தேன். வேலை முடிந்து நேராக மணலுக்குப் போவேன். கல்லூரிப் பெண்கள், ஐ.டி. கம்பெனிப் பெண்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் என்று விடிய விடிய மெரினாவில் இருந்தார்கள். விளக்கு அணைந்தபோது செல்ஃபோன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். பையன்கள் குப்பை பொறுக்கினார்கள், வழி விட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பெண்கள் இவ்வளவு பாதுகாப்பாக ஒரு பொது இடத்தில் இரவைக் கழித்ததைப் பார்த்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. என் பக்கத்தில் ஒரு மாணவி மறுநாள் இன்டர்னல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நைட்டு பீச்சுல படிச்சா எவ்ளோ நல்லா மனசுல நிக்குது!" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. அது எங்களுக்குக் கிடைக்காமல் போன சாயங்காலம்.

23ஆம் தேதி காலை போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. பிள்ளைகள் அலையை நோக்கி ஓடினார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் கரையோரக் குப்பங்களின் மீனவ மக்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அன்றே நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது, வீடுகளுக்குள் புகுந்து அடித்தார்கள். மாணவர் எழுச்சி என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் நடுக்குப்பம் பெண்களின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போனால் நான் பேரம் பேசுவதில்லை. அதற்குப் பிறகு மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதி கிடையாது.

இங்கே நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதுவும் குறிப்பாக உள்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. கொள்ளிடத்தில் எதிர்நீச்சல் போட்டவன், கிணற்றில் மேலேயிருந்து குதித்தவன் என்ற தைரியத்தில் மெரினாவில் இறங்காதீர்கள். இங்கே கரையிலிருந்து சில அடியிலேயே தரை சரேலென்று இறங்கும். திரும்பிப் போகிற அலை காலடி மணலை உருவிவிட்டு ஆளை உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள். தேர்வு முடிந்த நாள் மாலை நண்பர்களோடு வந்து இறங்கி, ஒருவரைக் காப்பாற்றப் போய் மற்றவரும் போன செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். போலீஸ் விசில் அடித்தால் கோபப்படாமல் மேலே வாருங்கள். கால் நனைக்கிறதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா ஊரில் சொல்லாமல் பயந்துகொண்டிருப்பது இதற்குத்தான்.

நான் படித்த காலத்துக்கு இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2021லிருந்து சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மாணவிக்கு அது என்ன செய்கிறதென்றால், வாடகை குறைந்த இடத்தில் தங்கிக்கொண்டு கன்னிமாரா நூலகத்துக்கோ கோட்டூர்புரத்துக்கோ யோசிக்காமல் போய்வர முடிகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பெண்களுக்கு 2022லிருந்து மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் அவர்கள் கணக்கிலேயே வருகிறது. பையன்களுக்கு 2024ல் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள், மாசக் கடைசியில் நாப்கின் வாங்குவதா ஜெராக்ஸ் எடுப்பதா என்று யோசித்திராதவர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. குளிர்ந்த அறை, சுத்தமான கழிப்பறை, இரவு வரைக்கும் விளக்கு. 2010ல் அதைத் திறந்தபோது நானும் என் கூடப் படித்தவர்களும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு பார்க்கப் போனோம். இன்றைக்கு அந்தப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். இடம் கொடுத்தால் பெண்கள் வருவார்கள் என்பதற்கு அதுவே போதும்.

மாறாதது கேட்தான். விடுதிக்கு விடுதி ஏழு, ஏழரை என்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்களுக்காக அரசு தோழி விடுதிகளை நடத்துகிறது. அதே அளவு அக்கறையோடு, சேப்பாக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில், படிக்கிற பெண்களுக்குப் பெரிய விடுதி ஒன்று வேண்டும். கேட் ஒன்பதரைக்குப் பூட்டட்டும். காமராஜர் சாலையின் உட்சாலையிலும் மணல் ஓரத்திலும் விளக்கு எரியட்டும், கழிப்பறை திறந்திருக்கட்டும், பெண் போலீஸ் இரண்டு பேர் நடக்கட்டும். மணலில் ஆயிரம் பெண்கள் உட்கார்ந்து படித்தால் அங்கே எந்தப் பெண்ணுக்கும் பயம் இருக்காது. 2017ல் நாம் அதைக் கண்ணால் பார்த்தோம்.

அக்கா மகள் போன வாரம் வந்திருந்தாள். இரண்டு நாள் இரண்டு பேருமாகத் திருவல்லிக்கேணித் தெருக்களில் அலைந்தோம். அவளோடு சேர்க்கைக்கு வந்த திருவண்ணாமலைப் பெண்ணும், தூத்துக்குடிப் பெண்ணும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் ஒரு சந்துக்குள் முதல்மாடி வீடு கிடைத்தது. ஒரு கூடம், ஒரு அறை, சின்ன சமையல்கட்டு, மொட்டைமாடிக்குச் சாவி உண்டு. கீழே வீட்டுக்கார அம்மா. அவரும் ஒரு காலத்தில் ராணி மேரியில் படித்தவர்.

"எத்தன மணிக்குள்ள வரணும் ஆன்ட்டி?" என்று அக்கா மகள்தான் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு சாவி, உங்கிட்ட ஒரு சாவி. லேட் ஆகும்னா ஃபோன் பண்ணிச் சொல்லிடு, நான் கதவ தாழ் போடாம வெப்பேன். எங்க காலத்துல நாங்க பட்டது போதும்மா."

மூன்று பேர் பங்கிட்டால் வாடகை தனியார் விடுதியைவிடக் குறைவாக வருகிறது. அட்வான்ஸ் கொஞ்சம் பெரிது. என் அக்கா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறதாம், டிரம் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் வீட்டைக் காலி செய்கிறவர்கள் யாரிடமாவது பழைய படிக்கிற மேசையோ, டேபிள் ஃபேனோ, ஒரு புத்தக அலமாரியோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மேசை மூன்று தேவை. வந்து எடுத்துக்கொள்கிறோம்.